எங்கள் பாசி சாகாது

எங்கள் நிறுவனத்தின் இருப்புப் பதிவேட்டில் 'உயிருள்ள பொருட்கள்' என்று தனியாக ஒரு பக்கம் உண்டு. அதில் இரண்டே இரண்டு வரிகள். முதல் வரி: காவல் நாய், ஒன்று. இரண்டாவது வரி: பாசி, நான்கு குடுவை. நாய் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் வந்தது, இருப்பது, கொடுத்தது என்று மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. செத்தது என்று எழுத இடமில்லை. அதனால் வருஷா வருஷம் கணக்கெடுப்பு நாளில் நாய்க்கு நேராக 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி நான்கு அதிகாரிகள் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பாசிக்குப் பொறுப்பு நான்.

ஏரித் தண்ணீர் குடிக்க ஏற்றதா என்று சொல்வதுதான் எங்கள் நிறுவனத்தின் வேலை. கருவிகள் நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேல் இன்னும் உறை பிரிக்கவில்லை. உண்மையில் வேலை பார்ப்பது பாசிதான். படிக்கட்டில் வழுக்கிவிடுமே அந்தப் பாசி இல்லை. கண்ணுக்குத் தெரியாத, ஒற்றைச் செல் பாசி. கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் தண்ணீர் பச்சையாகத் தெரியும். ஒரு குடுவையில் ஏரித் தண்ணீர், இன்னொன்றில் சுத்தமான தண்ணீர் எடுத்துக்கொண்டு இரண்டிலும் ஒரே அளவு பாசியை விட வேண்டும். மூன்று நாள் விளக்கடியில் வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். ஏரித் தண்ணீரில் பாசி குறைந்திருந்தால் தண்ணீரில் ஏதோ விஷம் இருக்கிறது. குறையவில்லை என்றால் ஊர் குடிக்கலாம்.

ஏரியின் மேல்கரையில் மூன்று சாய ஆலைகள். அவற்றின் கழிவில் வருவது நைட்ரஜன் கலந்த கரிமப் பொருட்கள். பெயர்கள் வாயில் நுழையாது, விஷத்தின் வேலை மட்டும் சுத்தமாக நடக்கும். பாசிக்கு நைட்ரஜன் பிடிக்கும் என்பதால் துளியூண்டு கலந்தால் உரம் போட்ட மாதிரி செழிக்கவும் செய்யும். அளவு கூடினால் பச்சை வெளுக்கும், பெருகுவது நிற்கும், பிறகு செத்து அடியில் தங்கும். பாசிக்கு ஆகாத தண்ணீரை மனிதர் வாயில் வைக்குமுன் யோசிக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. சின்னக் குழந்தைக்கும் புரியும். எங்கள் நிறுவனத்துக்குப் புரிய வைப்பதுதான் கஷ்டம்.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன் எனக்கு மஞ்சள் காமாலை. பதினாறு நாள் விடுப்பு. அப்போதுதான் மின்சாரச் சிக்கனச் சுற்றறிக்கை வந்திருந்தது: ஆளில்லாத அறையில் விளக்கோ ஏசியோ ஓடக் கூடாது. பாசி ஆள் இல்லையே. காவலாளி சுற்றறிக்கையை அப்படியே நிறைவேற்றினார். கோடைக் காலம் வேறு. நான் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது நான்கு குடுவையிலும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது.

பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் ஓடினேன். அவரை நாங்கள் பதிவேட்டம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உயிருள்ள பொருள் இறந்தால் கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். உடலின் முன்பக்கப் படமும் பக்கவாட்டுப் படமும் வேண்டும். புதைத்த இடத்தைக் குறித்த வரைபடம் வேண்டும். விதி நாயை மனதில் வைத்து எழுதப்பட்டது.

"பாசிக்கு முன்பக்கம் எதும்மா?" என்றேன்.

"அது உங்க டிபார்ட்மென்ட்டுக்குத்தான் தெரியணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல இல்ல? ஃபைல்ல ஒரு சாவு ஏறிச்சுன்னா நல்லாவா இருக்கும்? பச்சையா ஏதாவது இருந்தாச் சரி" என்றார்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஆலைக் கழிவு வாய்க்கால் ஏரியில் கலக்கிற இடத்தில், சுவரில் படிந்திருந்த பச்சையை ஒரு கரண்டியால் சுரண்டினேன். நல்ல ஓடைக்குப் போக இன்னொரு பஸ் மாற வேண்டும். அலுப்பாக இருந்தது. பச்சை பச்சைதானே என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அது சாயக் கழிவிலேயே பிறந்து, சாயக் கழிவையே சாப்பிட்டு வளர்ந்த பாசி. மற்றதெல்லாம் செத்த இடத்தில் பிழைத்துக் கிடந்தது. அதைக் கொண்டுபோய் ஏரித் தண்ணீரில் விட்டால் சாகுமா? தாய் வீட்டுக்கு வந்த மாதிரி கொழுத்தது. முதல் மாதம் எண்ணிப் பார்த்தபோது சுத்தமான தண்ணீரில் நூறு என்றால் ஏரித் தண்ணீரில் நூற்றுப் பதினெட்டு. எனக்கு அப்போதே உறைத்தது. உறைத்த கையோடு 'பாதிப்பு ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமும் போட்டேன். எழுபத்திரண்டு மாதம் போட்டேன்.

அந்த நூற்றுப் பதினெட்டைப் பார்த்து மேலிடத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஏரிக்கரையில் பெரிய பலகை வைத்தார்கள்: 'எங்கள் நீர் சுத்தமானது மட்டுமல்ல, சத்தானது.'

இப்படியே என் காலம் ஓடியிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா போன் செய்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, மாதம் முழுசாக ஆகும் முன்பே பிறந்த பெண் குழந்தை. மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அனுப்பறாங்கடா. பாப்பா ரெண்டு கிலோ தாண்டிட்டா. எனக்குப் பால் போதல, மாவுப் பால் கலக்கணுமாம். தண்ணி மட்டும் ரொம்ப நல்லா இருக்கணும்னு டாக்டர் பத்து தடவை சொல்லிட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க ஊர்த் தண்ணிக்குக் கையெழுத்துப் போடறதே என் தம்பிதான்னு சொன்னேன்."

நான் சொன்னது இதுதான்: "கொதிக்க வெச்சுக்கோக்கா."

கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். நான் பயந்த பொருள் போகாது. தண்ணீர் சுண்டினால் இன்னும் கெட்டியாகும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அந்த போனிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். வெள்ளிக்கிழமைக்குள் நிறுவனமே தண்ணீரை நிறுத்திவிட்டால் அக்காவிடம் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன்.

மனுவை என் பிரிவுத் தலைவரிடம் கொடுத்தேன். சட்டைப் பையில் எப்போதும் ரப்பர் முத்திரை வைத்திருப்பதால் அவருக்கு முத்திரை என்றே பெயர். அவர் மனுவை ஓரமாகப் பிடித்துப் படித்தார்.

"என்னய்யா இது, வாக்குமூலமா, விண்ணப்பமா? ரெண்டுக்கும் வேற வேற ஃபாரம்."

"சார், பாசி செத்துப் போச்சு சார். ஆறு வருஷம் முன்னாடியே."

"போன மாசக் கணக்கெடுப்புல 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு இருக்கே. உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார். ஆனா அது வேற பாசி."

"வேற பாசி வாங்க ஆர்டர் எங்க?"

"வாங்கல சார். வாய்க்கால்ல சுரண்டினேன்."

முத்திரை நாற்காலியில் சாய்ந்தார். "ஆர்டர் இல்லாம வந்த பாசி இந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கவே முடியாது. அதனால அது இங்க இல்ல. புரியுதா?"

"அப்ப குடுவைல பச்சையா இருக்கறது என்ன சார்?"

"அதுதான் பழைய பாசி" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, மனுவின் மேல் 'பார்த்தேன்' என்று முத்திரை குத்திக் கமிட்டிக்கு அனுப்பினார்.

அன்று சாயங்காலமே கல்லூரிக்குப் போனேன். அங்கே பாசி வளர்க்கும் பேராசிரியை ஒருவர் உண்டு. ஒரு சின்னக் குடுவையை எனக்காக எடுத்து வைத்தார்.

"ஜாக்கிரதையா கொண்டு போங்க. இது தொட்டாச்சிணுங்கி மாதிரி. தண்ணில கொஞ்சம் கெடுதல் இருந்தாலும் வாடிப் போயிடும். அதுக்காகத்தான் இதை வளர்க்கறோம்" என்றார். "உங்க இடத்துப் பாசி எதுக்கும் அசையறதில்லையாமே? ரெண்டு வருஷமா பாக்கணும்னு பர்மிஷன் கேட்டுக்கிட்டிருக்கேன். 'பாசி பார்வையாளர்களைச் சந்திப்பதில்லை'ன்னு பதில் வந்துச்சு."

நான் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். திங்கள் மாலையே ஏரித் தண்ணீரில் அவருடைய பாசியையும் எங்கள் பாசியையும் தனித்தனிக் குடுவையில் விட்டு, இரண்டுக்கும் ஜோடியாகச் சுத்தமான தண்ணீரும் வைத்து, விளக்கைப் போட்டேன். வியாழன் மாலை மூன்று நாள் முடியும்.

புதன்கிழமை கமிட்டி கூடியது. எங்கள் நிறுவனத்தில் கமிட்டி இரண்டே நாளில் கூடியதாகச் சரித்திரம் கிடையாது. என் நேர்மையைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

நீளமான மேஜை. நடுவில் வெள்ளைத் துணி விரித்து எங்கள் பாசிக் குடுவையை வைத்திருந்தார்கள். நிறுவனத் தலைவர், முத்திரை, பதிவேட்டம்மா, சட்ட ஆலோசகர் நால்வர் முன்னாலும் சீல் வைத்த தண்ணீர் பாட்டில். எனக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர். நான் அதைத் தொடவில்லை. நான் தொடவில்லை என்பதை நால்வரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சட்ட ஆலோசகர் ஆரம்பித்தார். "பழைய பாசிக்கு அங்க அடையாளம் ஏதாவது உண்டா?"

"பச்சையா இருக்கும் சார்."

"இது?"

"இதுவும் பச்சைதான் சார்."

"எழுதிக்கோங்கம்மா. அடையாளம் ஒத்துப்போகிறது."

பதிவேட்டம்மா எழுதிக்கொண்டார்.

"சார், நிறத்தை வெச்சுச் சொல்ல முடியாது சார். நான்தானே மாத்தி வெச்சேன், நானே சொல்றேனே."

"அங்கதான் சிக்கல்" என்றார் சட்ட ஆலோசகர், ரொம்பப் பரிவோடு. "இந்த நிறுவனத்துல பாசியைப் பத்திச் சான்று சொல்ல அதிகாரம் உள்ள ஒரே ஆள் நீங்க. ஆறு வருஷமா பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. பொய் எழுதறவர் சொல்றதை நாங்க ஏத்துக்க முடியாது. இல்ல, நான் உண்மை பேசறவன்னு சொன்னீங்கன்னா, நீங்க கையெழுத்துப் போட்ட எழுபத்திரண்டு ரிப்போர்ட்டும் உண்மையாகிடும். எப்படிப் பாத்தாலும் தண்ணி நல்லாத்தான் இருக்கு."

நான் பொய்யன் என்று யாராவது நம்பினால் போதும் என்று ஒரு மனிதன் கெஞ்சும் நிலை எல்லோருக்கும் வாய்க்காது.

தலைவர் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர். கோபமே வராது. எல்லோரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, பயப்படாத. உன் மனசு எனக்குப் புரியுது. உனக்கு வேலை மேல பாசம், அதான் சந்தேகம் வருது. ஒண்ணு சொல்றேன், கேளு. நான் இந்த நாற்காலிக்கு வந்தப்ப பக்கத்து ஊர்ல மாசத்துக்கு ரெண்டு தடவை பாசி செத்துக்கிட்டிருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் தண்ணிய நிறுத்தணும், ஆலைய மூடணும், பத்திரிகைக்காரங்க வந்து வாசல்ல நிப்பாங்க. பாவம், அந்த ஊர்த் தலைவருக்கு முடியெல்லாம் கொட்டிப் போச்சு. என்னைப் பாரு."

பார்த்தோம். முடி அடர்த்தியாக இருந்தது.

"பாசி செத்தா தண்ணி கெட்டதுன்னு அர்த்தம். சாகலன்னா நல்லதுன்னு அர்த்தம். அப்ப, சாகவே சாகாத ஒரு பாசிய வெச்சுக்கிட்டா ஊர்த் தண்ணி கெடவே கெடாது. இதைப் புரிஞ்சுக்க எனக்கு விஞ்ஞானப் படிப்பு தேவைப்படல தம்பி. நிர்வாக அறிவு போதும்."

முத்திரை மேஜையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"இன்னொரு சந்தோஷமான சேதி. பக்கத்து ஊர்க்காரங்க நம்ம பாசியக் கேட்டு எழுதியிருக்காங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இங்க சின்னதா ஒரு விழா. நாப்பது பாட்டில் பாசி அன்பளிப்பாக் கொடுக்கறோம். அவங்க மூலமா இன்னும் பல ஊருக்குப் போகும். பாட்டில்ல நிரப்பற பொறுப்பு உன்னுது. அதுக்குத்தான் இந்தக் கமிட்டிய அவசரமாக் கூட்டினேன்."

நான் எழுந்து நின்றேன். "சார், என் அக்கா குழந்தைய வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வராங்க. ரெண்டு கிலோதான் சார். இந்தத் தண்ணிலதான் பால் கலக்கப் போறாங்க."

"அப்படியா! வாழ்த்துகள்" என்றார் தலைவர். "பதிவேட்டம்மா, ஒரு வாழ்த்து அட்டை அனுப்பிடுங்க."

அன்றைக்கும் அக்காவுக்கு போன் செய்யவில்லை. இரண்டு தடவை எண்ணை அழுத்திவிட்டு வைத்தேன். வியாழக்கிழமை முடிவு வரட்டும், எண்ணிக்கையைக் காட்டினால் கல்லும் கரையும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை எண்ணினேன். சுத்தமான தண்ணீரில் நூறு என்று வைத்தால், ஏரித் தண்ணீரில் எங்கள் பாசி நூற்று இருபத்தொன்று. பேராசிரியையின் பாசி ஒன்பது. மைக்ராஸ்கோப்பில் அந்த ஒன்பதும் வெளிறி, ஓரம் சுருங்கி, இதோ போகிறேன் என்கிற மாதிரி கிடந்தன. மூன்று முறை எண்ணினேன். அதே ஒன்பதுதான். ஆறு வருஷமாக ஊரே குடித்த தண்ணீர் என்னவென்று முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

காகிதத்தைத் தூக்கிக்கொண்டு முத்திரையிடம் ஓடினேன். அவர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வந்து மூணே நாள்ல செத்துப் போச்சா?" என்றார். "அப்ப அது சீக்காளிப் பாசி. வேலைல சேர்க்கறதுக்கு முன்னாடி உடல் தகுதி பாத்தியா?"

"சார், அது சாகறதுதான் சார் அதோட வேலை!"

"உன் பேச்சே சரியில்ல" என்றார். என் காகிதத்தின் மேல் எழுதினார்: 'புதிய பாசி நமது நீரின் தரத்துக்கு ஈடுகொடுக்க இயலாதது. பணிக்குத் தகுதியற்றது. திருப்பி அனுப்புக.' முத்திரை குத்தினார்.

பாசி அறைக்குத் திரும்பி வந்தேன். மேஜையில் நாற்பது காலி பாட்டில், ஒவ்வொன்றிலும் தங்க நிற எழுத்தில் ஒட்டிய சீட்டு: 'எங்கள் பாசி சாகாது.' நாற்பது பாட்டிலும் நாற்பது ஊருக்குப் போகும். அங்கெல்லாம் என்னைப் போல ஒருவன் 'பாதிப்பு ஏதுமில்லை' என்று எழுதுவான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். நான்கு குடுவையிலும், சோதனைக்கு வைத்ததிலும், ஒரு சொட்டு விடாமல் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். பச்சை கொஞ்ச நேரத்தில் பழுப்பாக மாறியது. எதற்கும் அசையாத பாசி வெந்நீருக்கு அசைந்தது. பாவமாகத்தான் இருந்தது. பிழைத்துக் கிடந்ததைத் தவிர அது ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு செய்தவன் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை காலை தலைவர் அறைக்குப் போனேன். பாசியைக் கொன்றுவிட்டேன், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன். போலீசைக் கூப்பிடுவார், அப்போதாவது விஷயம் வெளியே வரும் என்று நம்பினேன்.

தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மொத்தமும் போச்சா?"

"மொத்தமும் சார்."

"எங்க எடுத்த?"

"என்ன சார்?"

"ஆறு வருஷம் முன்னாடி தம்பி. எந்த வாய்க்கால்ல சுரண்டின?"

"பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாடி. ஆலைக் கழிவு வந்து விழுற இடம்."

"நல்லது. ஆபீஸ் ஜீப்பை எடுத்துக்கோ. நாலு மணிக்குள்ள நாப்பது பாட்டில்."

"சார், புதன்கிழமை இதைத்தானே நான் சொன்னேன்? நீங்க யாரும் ஒத்துக்கலையே?"

"புதன்கிழமை கமிட்டி" என்றார் தலைவர், அதே பரிவோடு. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வேலையப் பாரு."

ஜீப்பில் ஏறினேன். பாட்டில்கள் பின்னால் குலுங்கின. ஓட்டுநர் வயதானவர், அதிகம் பேசாதவர். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்ற நினைப்பு என்னைக் குடைந்தது. ஆத்திரம் வர வேண்டும் என்று பார்த்தேன். வரவில்லை. எனக்கும்தான் ஆறு வருஷமாகத் தெரியும். அவர்கள் தெரியாத மாதிரி இருந்தார்கள். நான் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். இதில் யார் யாரைத் திட்டுவது?

வாய்க்காலுக்குப் போகிற வழியில்தான் அக்காவின் தெரு. மணி ஒன்றரை. "கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன்.

வாசல் கதவு திறந்தே இருந்தது. அடுப்பில் அக்காவின் கணவர், என் மாமா, பால் பாட்டில்களைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிக்குள் ஒரு முகம் மட்டும் தெரிந்தது. அவள் கையில் பாட்டில். கால்வாசி குறைந்திருந்தது.

"வாங்க தாய்மாமா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்தாள்.

"அக்கா, பாட்டிலை எடு."

"ஏன்டா, சூடா இருக்கா?"

"அந்தத் தண்ணி வேணாம். எடுக்கா."

என் முகத்தைப் பார்த்து எடுத்துவிட்டாள். குழந்தை வாயைச் சப்புக்கொட்டித் தேடியது. நான் தரையில் உட்கார்ந்து சொன்னேன். காமாலையிலிருந்து ஆரம்பித்து நேற்று எண்ணிய ஒன்பது வரைக்கும் சொன்னேன். மனுவிலும் கமிட்டியிலும் ஐந்து நாளாகச் சொல்லி முடியாதது, இங்கே ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மாமா அடுப்பை அணைத்தார். கடைக்கு ஓடினார், கேன் தண்ணீர் வாங்க.

"கொதிக்க வெச்சுக்கோன்னு சொன்னியே?" என்றாள் அக்கா.

"கொதிக்க வெச்சாலும் போகாதுக்கா. தெரிஞ்சுதான் சொன்னேன்."

"திங்கக்கிழமையே தெரியுமா?"

"ஆறு வருஷமாத் தெரியும்."

அவள் குழந்தையின் வாயைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். "வயித்துல இவ இருக்கும்போது முழுக்க நான் குடிச்சேனேடா. தண்ணி நிறையக் குடின்னு நீதானே சொல்லிக்கிட்டே இருந்த?"

குழந்தை மாதம் முழுசாகும் முன்பே பிறந்ததற்கு இந்தத் தண்ணீர் காரணமா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லவும் தெரியாது. அதைச் சொல்வதற்காக எனக்குக் கொடுத்திருந்த ஒரே பாசியைத்தான் நான் மாற்றி வைத்திருந்தேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மாமா கேனோடு வந்ததும் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து செருப்பைத் தேடினாள்.

"எங்கக்கா போற? உன்னால நடக்க முடியாது."

"பக்கத்து வீட்டுல ரெண்டு சின்னதுங்க இருக்கு. எதிர் வீட்டுப் பொண்ணு மாசமா இருக்கா. அவங்களுக்கெல்லாம் யாரு சொல்றது, உங்க கமிட்டியா? எந்திரி."

வாசலில் ஓட்டுநர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. "எங்க வீட்டுக்கும் இந்தத் தண்ணிதான் சார்" என்றார். அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டது அதுவே கடைசி. ஜீப்பில் ஏறி, நாற்பது பாட்டிலும் கலகலக்க, தன் வீடு இருக்கிற பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டம்மா ஈரக் கையோடு வந்து, "அடடே, வந்துட்டியா! குழந்தை எங்க?" என்றார்.

"குழந்தை உள்ள இருக்கா. இவன் என் தம்பி. நம்ம தண்ணி நல்லா இருக்குன்னு ஆறு வருஷமா பொய்க் கையெழுத்துப் போட்டவன். என்ன கலந்திருக்குன்னு இவனுக்குத்தான் தெரியும். சொல்லுடா."

சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அடுத்த வீட்டிலும் அக்கா அதையேதான் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். ஒருவர் கதவைப் படாரென்று சாத்தினார். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார், அக்கா விலக்கிவிடவில்லை. எதிர் வீட்டுப் பெண் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தத் தெருவில் முப்பத்தொரு வீடு. பதினெட்டாவது வீட்டுக்கு வரும்போது அக்காவால் நிற்க முடியவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கதவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

தட்டினேன். ஒரு பெரியவர் திறந்து, "யாருப்பா?" என்றார்.

"தண்ணி நல்லா இருக்குன்னு ஆறு வருஷமா பொய்க் கையெழுத்துப் போட்டவன் நான்தான் ஐயா" என்று ஆரம்பித்தேன்.